பதினேழாம் வரி

ஃபோர்க் இரண்டு விரல் மேலே போயிருந்தது.

கீழே இறங்கியிருந்தால் மோகனப்பிரியா அளந்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பாள். இறங்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை, அதைப் பார்க்கத்தானே இந்தச் சோதனையே. லோடை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி நிறுத்த வேண்டும், சாவியை உருவிக்கொள்ள வேண்டும், ஃபோர்க்லிஃப்ட்டின் முன்னால் நிற்கிற இரட்டை இரும்புத் தூணில் ஃபோர்க் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு கிழிக்க வேண்டும், அப்புறம் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். உள்ளே ஆயில் கசிந்தால் ஃபோர்க் கோட்டை விட்டுக் கொஞ்சம் இறங்கும். செக் லிஸ்ட்டில் இது பதினேழாம் வரி. நிற்கலாம், இறங்கலாம். தானாக ஏறுகிற ஃபோர்க்கை இந்த ஏழு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

சாவி அவள் பேன்ட் பாக்கெட்டில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.

"கோட்டைத் தப்பாப் போட்டிருப்பேன்," என்று வாய்விட்டே சொன்னாள். தப்பாகப் போடவில்லை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் முழங்கையால் கோட்டை அழித்தாள், புதுசாக ஒன்று கிழித்தாள், இந்தத் தடவை பேட்டரியின் சிவப்புப் பிளக்கையும் பிடுங்கித் தரையில் போட்டாள். சொட்டுக் கரன்ட் இல்லாத வண்டி இனி என்ன செய்துவிடும், பார்த்துவிடலாம் என்று மணியைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால்.

புதுச்சத்திரத்தைத் தாண்டி நாமக்கல் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றது அந்தக் கோழித்தீவன மில். ஞாயிற்றுக்கிழமை, மில் ஓடாது. கேட்டில் வாட்ச்மேன் சென்னியப்பன், உள்ளே மெயின்டெனன்ஸ் பார்க்கிற மோகனப்பிரியா, அவ்வளவுதான் ஆள். மூன்றாம் நம்பர் குடோனின் கூரையில் நடுநடுவே பதித்திருந்த வெள்ளைத் தகடுகள் வழியாக வெயில் பட்டை பட்டையாக இறங்கி, மக்காச்சோளத் தூசியும் கருவாட்டுத் தூளும் கலந்த அந்தக் காற்றை மெதுவாகச் சூடேற்றிக்கொண்டிருந்தது. தகரம் வெயிலில் நெளிந்து 'டக் டக்' என்றது. உத்தரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குனுகுகிற புறாக்களில் ஒன்றைக்கூடக் காணோம். எங்கே தொலைந்தன என்று அவள் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள்.

இருபத்திரண்டு நாளாக இந்த வண்டி இதே இடத்தில் நிற்கிறது. சின்னான் செத்த நாளிலிருந்து.

சின்னான் தம்மம்பட்டிப் பக்கத்து ஆள், லோடுமேன். மூட்டைகளை ஏற்றிய மரப் பேலட்டை ஃபோர்க்லிஃப்ட் அடுக்கிலிருந்து இறக்கும்போது அடியில் நின்று இரண்டு கையாலும் தாங்கிப் பதமாக இறக்குவார். நிற்கக் கூடாதுதான். போர்டே எழுதி மாட்டியிருக்கிறது. எல்லாக் குடோனிலும் நிற்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பாரத்தைத் தாங்கி நிற்கிறவன், இன்னொருவன் "புடிச்சுட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்கிற வரைக்கும் கையை எடுக்க மாட்டான். தலையாட்டினால் போதாது, சொல்ல வேண்டும். மூட்டைக்குப் பின்னால் முகம் தெரியாது, குரல்தான் தெரியும்.

அன்றைக்கு, ஃபோர்க்கைத் தூக்கிப் பிடிக்கிற செயின் ஒரு பக்கம் உருளையை விட்டு வழுவியது. பேலட் ஒரு அடி விழுந்து நின்றது. இன்னொரு பக்கச் செயின் பாதிப் பாரத்தைப் பிடித்திருந்தது, மீதியைச் சின்னான் பிடித்திருந்தார். அவரோடு அடியில் நின்ற மாரியை, "நீ போடா" என்று விரட்டினார். மாரி தவழ்ந்து வெளியே வந்துவிட்டான். அப்புறம் சின்னான் கேட்டார். "ஆராச்சும் புடிச்சுட்டேன்னு சொல்லுங்க சாமி. கை உடுது."

சுற்றி ஆறு பேர் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. பத்தடி தள்ளிக் கையில் செக் லிஸ்ட் அட்டையோடு மோகனப்பிரியா நின்றாள். சின்னானின் கண் நேராக அவளைத்தான் பார்த்தது. "அம்மிணி," என்றார். அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

செயின் ஏன் வழுவியது என்பதும் அவளுக்குத் தெரியும். பதினான்காம் வரி, செயின் நீண்டிருக்கிறதா என்று அளக்கிற வரி. அந்த மாதம் முதல் தேதி, டீ ஆறுவதற்குள், முப்பது நாளுக்கும் சேர்த்து எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு வைத்தவள் அவள்தான். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார், அக்கம்பக்கத்து மில்லிலும் அப்படித்தான் செய்கிறார்கள். அதன் லட்சணம் இப்போது தெரிகிறது. சின்னான் செத்ததற்கு மறுநாள், வண்டியைச் சுற்றிப் போலீஸ் நாடா கட்டியிருந்த நாளில்கூட, 'செயின் சரி' என்று அவள் கையெழுத்து இருக்கிறது.

அதனால்தான் மேனேஜர் ரமேஷ்குமார் புது ஷீட் ஒன்று கொடுத்திருக்கிறார். விபத்து நாளோடு நிற்கிற, சுத்தமான ஷீட். அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கூடவே ஆயில் காகிதத்தில் சுற்றிய புதுச் செயின். பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டால், நாளைக்கு வருகிற தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் வண்டி நல்ல வண்டி, சின்னான்தான் குடித்துவிட்டுப் போய் அடியில் நின்றான் என்று ஆகிவிடும். டீயையே பாதிக்கு மேல் குடிக்காத மனுஷன். இனி அவர் மனைவி அங்கம்மாள் குடிகாரன் பொண்டாட்டி, பிள்ளைகள் குடிகாரன் பிள்ளைகள். கையெழுத்துப் போடாவிட்டால் மாட்டுவது மோகனப்பிரியா. வேலை போகும், கேஸும் அவள் தலையில் விழும்.

காலையில் வந்தவள் புதுச் செயினைப் பிரிக்கவே இல்லை. முதல் வரியிலிருந்து ஒழுங்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். வழுவிய பழைய செயினை உருளையில் மறுபடி உட்கார வைத்து, அதில் பதினாறு கணுவை அளந்தாள். பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டியது பன்னிரண்டரை இருந்தது. அதனால் சோதனைக்கு முழு லோடு வைக்கத் துணியாமல் பத்தே மூட்டை ஏற்றி, யாரும் அடியில் போகாதபடி சுற்றிலும் சிவப்பு வெள்ளை நாடா கட்டினாள்.

பத்து நிமிடம் ஆயிற்று.

நான்கு விரல்.

இப்போது தகரச் சத்தமும் நின்றிருந்தது. அந்த அமைதியில், பேலட்டின் மரம் மெல்ல முனகுவது கேட்டது. பாரம் கீழே அழுத்தினால் மரம் ஒரு மாதிரி முனகும், அது அவளுக்குப் பழக்கம். இது வேறு மாதிரி. அடியிலிருந்து யாரோ அழுத்திப் பிடித்து, மூச்சைக் கட்டி, கை நடுங்க நடுங்க ஏந்துகிற முனகல். ஒரு முனகல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு முனகல். மூச்சு வாங்குகிற இடைவெளி. கருவாட்டு நாற்றத்துக்கு நடுவே, தேங்காய் எண்ணெயும் பழைய வேர்வையும் சேர்ந்த ஒரு வாடை வந்தது. தலைத்துண்டு வாடை.

அவள் குனிந்து பேலட்டுக்கு அடியில் பார்த்தாள்.

போலீஸ் வந்து போனதும் அந்த இடத்தை ஃபினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அதற்கப்புறம் யாரும் கால் வைக்கவில்லை. அத்தனை நாள் தூசியும் மாவாய்ப் படிந்து கிடந்தது. அதில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. வெறுங்கால். அகல ஊன்றி, பத்து விரலும் விரிந்து. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. தூசி ஓரமாக ஒதுங்கியது.

பார்த்ததும் ஓடத்தான் தோன்றியது. கால் தானாகவே இரண்டடி பின்னால் வைத்துவிட்டது. மேசை விளிம்பு இடுப்பில் இடித்ததும் நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தானே நின்றோம் என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"ஓட மாட்டேன்," என்றாள். "நீங்க என்ன பண்ணுனாலும் ஓட மாட்டேனுங்கண்ணா."

போன் அடித்தது. ரமேஷ்குமார்.

"ஏனுங்க மோகனா, செயின் மாத்தியாச்சுங்களா?"

"இல்லீங்க சார்."

"கெளம்பி வந்துட்டே இருக்கறேன். பத்து நிமிசத்துல அங்க இருப்பேன். கையெழுத்தையாச்சும் போட்டு வெச்சிருங்க."

"பழைய செயினு அரை அங்குலம் நீண்டிருக்குதுங்க. அதை அப்படியே எழுதிட்டேன்."

"எழுதுனதைக் கிழிச்சுப் போடுங்க. நல்லபடியா இருக்கோணும்ங்கற நெனப்பு இல்லீங்களா உங்களுக்கு? உங்களுக்கும் சேத்துத்தானுங்க நான் பாக்கறேன்."

"எனக்கு நீங்க பாக்க வேண்டாமுங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று தெரிந்தது.

சூட்டோடு சூடாக முடித்துவிட வேண்டும் என்று மேசைக்குத் திரும்பினாள். பழைய ஷீட்டை எடுத்தாள். முப்பது கட்டங்களுக்கும் குறுக்கே, பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி, 'பார்க்காமல் போட்ட டிக். செயினை நான் ஒரு நாளும் அளக்கவில்லை' என்று எழுதினாள். கீழே முழுப் பெயர், இன்றைய தேதி. இன்றைக்கு அளந்ததையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் படம் எடுத்து, நாளைக்கு வருவதாக லெட்டர் போட்டிருந்த இன்ஸ்பெக்டர் ஆபீஸ் மெயிலுக்கே அனுப்பினாள். போய்விட்டது. இனி யார் கிழித்தாலும் கிழிக்கட்டும்.

பேலட் முனகியது. இந்தத் தடவை நீளமாக.

அவள் நாடாவின் ஓரம் வரைக்கும் போனாள். தூசியில் அந்தப் பாதங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு நாள். இரவும் பகலும். பாவம், யாராவது சொல்வார்கள் என்று நின்றிருக்கிறார். கேட்டது என்ன பெரிய வரமா, ஒரே ஒரு சொல். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட நாக்கு இன்றைக்கு ஒட்டவில்லை.

"உடுங்கண்ணா," என்றாள். "புடிச்சுட்டேன்."

முனகல் நின்றது.

இடது குதிகால் தூசியை விட்டு எழும்பியது. பிறகு வலது. ஒரு பாதச் சுவடு முன்னால் விழுந்தது. அடுத்தது. நாடா ஒரு தடவை ஆடியது. தேங்காய் எண்ணெய் வாடை அவள் முகத்தை ஒட்டிக் கடந்து போயிற்று, சுவடுகள் ஷட்டரைத் தாண்டி வெளியே வெயிலில் போய் முடிந்தன. "ஊட்டுக்குப் போங்கண்ணா," என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எங்கோ ஒரு புறா சிறகடித்தது.

முதலில் கையிலிருந்த பேனா கனத்தது.

என்னடா இது என்று பார்ப்பதற்குள் நழுவி விழுந்தது. தோளில் யாரோ மூட்டையை இறக்கியது மாதிரி முழங்கால் மடிந்தது. ஃபோர்க்கைப் பார்த்தாள். இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டைத் தொட்டது. கோட்டுக்குக் கீழே போனது. அவள் இரண்டு கைகளும், அவளைக் கேட்காமலே, தலைக்கு மேலே எழும்பி உள்ளங்கையை விரித்துக்கொண்டன. உள்ளங்கையில் மரம் பட்டது. அங்கே மரம் இல்லை. ஐந்தடி தள்ளி, பேலட் நின்றது.

கையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். ஃபோர்க் ஒரு விரல் இறங்கியது. மூச்சைப் பிடித்து உயர்த்தினாள். ஒரு விரல் ஏறியது.

பேலட்டுக்கு அடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். தூசியில் இரண்டு புதுச் சுவடுகள். சேஃப்டி ஷூ. சின்ன அளவு. இடது குதியில் ஒரு வெட்டு, போன மாதம் கிரைண்டர் பட்டு அவள் ஷூவில் விழுந்த வெட்டு.

வலி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. பல்லைக் கடித்தாள். பயப்படக் கூடாது. யோசி. கீழே ஆளில்லை. வெறும் தரை. பத்து மூட்டைத் தீவனம் விழுந்தால் விழட்டும், வண்டியே நொறுங்கினாலும் நல்லதுதான். விட்டுவிடலாம்.

"உடறேன் போ," என்று வண்டியைப் பார்த்துச் சொன்னாள். "எவ்வளவு வேணும்னாலும் உழுகு."

விரலைத் தளர்த்தினாள்.

பின்கதவு திறந்தது. ரமேஷ்குமார் நாடாவை ஒரு விரலால் தூக்கிக் குனிந்து உள்ளே வந்து, நேராக பேலட்டுக்கு அடியில் போய் நின்று, அண்ணாந்து பழைய செயினைப் பார்த்தார்.

தளர்ந்த விரல்கள் இறுகின. ஃபோர்க் ஒரு குலுக்கலோடு நின்றது.

"சார். வெளிய வாங்க."

"மாத்தவே இல்லியா இதை?" அவர் திரும்பினார். அவள் நிற்கிற கோலத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார், பிறகு சிரித்தார். "என்னங்க இது, கையத் தூக்கிட்டு? போலீஸா வந்திருக்குது?"

"சார், உழுந்துரும். வாங்க வெளிய."

"பேட்டரி பிளக்கே கழண்டு கெடக்குது, எங்கீங்க உழுகும்?" அவர் தரையில் காலைத் தட்டிக் காட்டினார். "இங்க பாருங்க, நானே அடியில நிக்கறேன். வண்டிக்கு ஒண்ணுமில்லை. நாளைக்கு அவரு வரும்போதும் இப்படித்தான் நின்னு காட்டப்போறேன்." சட்டைப் பையிலிருந்து புது ஷீட்டின் இன்னொரு நகலை எடுத்து விரித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். அங்கே நின்றபடியே கையை நீட்டினார். "வந்து போட்டுட்டுப் போங்க. நீங்க போடற வரைக்கும் நான் இங்கிருந்து அசையறதில்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் எப்படி வந்ததோ. பேனாவை வாங்க வேண்டுமானால் ஒரு கையை எடுக்க வேண்டும்.

"போட மாட்டேனுங்க," என்றாள். "செத்தாலும் போட மாட்டேன். ஆனா கீழ நிக்காதீங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்."

"கிறுக்குத்தனம் பண்ணாதீங்க மோகனா. போடுங்க."

முழங்கை நடுங்கியது. ஃபோர்க் கோட்டுக்குக் கீழே ஒரு விரல். இரண்டு. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கக் கையில்லை. இந்த ஆளுக்காகவா. சின்னானைக் குடிகாரன் என்று எழுதி வைத்திருக்கிற இந்த ஆளுக்காகவா. இருந்தாலும் விடவில்லை. விட மாட்டாள்.

ஷட்டர் பக்கம் நிழல் விழுந்தது. சத்தம் கேட்டுச் சென்னியப்பன் வந்து நின்றிருந்தார். அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை. பேலட்டுக்கு அடியில் தூசியைப் பார்த்தார், அதில் அழுந்திக்கொண்டே போகிற சின்ன ஷூச் சுவடுகளைப் பார்த்தார், அவள் கைகளைப் பார்த்தார்.

"ஏனுங்க," என்றாள் மோகனப்பிரியா. குரல் அவளுடையது மாதிரி இல்லை. "புடிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. கை உடுது."

சென்னியப்பனின் வாய் திறந்தது. அப்படியே நின்றது. சத்தம் வரவில்லை.

பேலட்டின் இடுக்கிலிருந்து மஞ்சள் மாவு மெல்லிய கோடாக இறங்கி ரமேஷ்குமாரின் வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்தது. அவர் மேலே பார்க்காமல் அதை இடது கையால் தட்டிவிட்டுவிட்டு, பேனாவை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.